நான்காவது உண்ணாமலை

“இடது முழங்காலைக் கொஞ்சம் காட்டுங்கம்மா.”

சொன்னவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில், இரண்டாவது மாடியில், பீரோக்களுக்கு நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருந்த விசாரணை அதிகாரி. கேட்டுவிட்டு அவரே கூச்சப்பட்டு, தலையைக் குனிந்து ஃபைலைப் புரட்டினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துல ஸ்டோர் ரூம் இருக்கு. எங்க மேடம் வந்து பாப்பாங்க. தழும்பு இருக்குதுன்னு அவங்க எழுதிட்டா போதும், உங்க வேலை முடிஞ்சிடும்.”

அடுத்த மேசையில் இருந்த மேடம் எழுந்தே விட்டார். கையில் ஸ்கேல் வேறு. தழும்பை அளக்கவாம்!

நான் அசையவில்லை. புடவையை இரண்டு கையாலும் முழங்காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கிழவிக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். வெட்கமாவது, மண்ணாவது! மூட்டு வலிக்கு ஊரிலிருக்கும் வைத்தியர்கள் அத்தனை பேரிடமும் காலை நீட்டியவள் நான்.

வெளியே வராந்தா பெஞ்சில் அமுதா காத்திருந்தாள். என் சிநேகிதி பவுனக்காவின் மகள். நான் இந்த முழங்காலைக் காட்டினால் எனக்குச் சான்று கிடைத்துவிடும். அதோடு, அமுதாவின் அம்மா எங்களோடு ஜெயிலில் இருக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

அமுதாவுக்கு அது தெரியாது. உள்ளே போகும்போது தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, “பயப்படாம பேசு சித்தி” என்று சொல்லி அனுப்பினாள்.

எந்த ஆட்சி?

போன வாரம் இந்தத் தொடரில் மல்லாட்டை மில்லை, அதாவது வேர்க்கடலை மில்லைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், உங்களை ஜெயிலில் போட்டது எந்த ஆட்சி என்று. எழுதினால் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள், மீதிப் பேர் கைதட்டுவீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம். அந்த ஆட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆட்சி எங்கள் சங்க ஆபீசைப் பூட்டியது. தலைவர்களை விசாரணையே இல்லாமல் உள்ளே தூக்கிப் போட்டது. சங்கத்தில் பேர் இருக்கிறது என்றால் மில்லில் வேலை கிடையாது. நோட்டீஸ் ஒட்டினால் அடி. வாயைத் திறந்தால் வழக்கு. எங்கள் ஊரில் அப்போது டீக்கடையில்கூட ஆள் பார்த்துத்தான் பேசுவார்கள்.

இப்போதிருக்கும் அரசாங்கம் ஒரு ஆணை போட்டது. அந்த ஆட்சியில் அரசியல் காரணத்துக்காகச் சிறை போனவர்களுக்கு, அவர்கள் இல்லையென்றால் வாரிசுகளுக்கு, அங்கீகாரச் சான்றும் மாதாமாதம் நிவாரணமும் உண்டு. ஜெயில் ரெஜிஸ்டரில் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அவ்வளவுதானாம்! ரெஜிஸ்டரில் என் பெயர் கிடையாது. பவுனக்கா பெயரும் கிடையாது. காரணம் போலீஸ் இல்லை, ஜெயிலும் இல்லை. காரணம் நான்தான்.

சாமி பேரைச் சொல்லிடு

எங்கள் சங்கத்து ஆண்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. போஸ்டர் ஒட்டி மாட்டிக்கொண்டால் சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். “பேர் என்னடா?” என்று போலீஸ் கேட்டால் “அண்ணாமலைங்க.” “அப்பன் பேர்?” “அருணாசலங்க.” திருவண்ணாமலையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டால் ஒரு அண்ணாமலை மேல்தான் விழும். எந்த அண்ணாமலையை என்று போய்த் தேடுவார்கள்?

ஒரு மந்திரி ஊருக்கு வந்தார். சங்கத்து ஆண்கள் எல்லாம் உள்ளே இருந்தார்கள், இல்லாவிட்டால் தலைமறைவு. கறுப்புக் கொடி காட்டப் பெண்கள் ஐந்து பேர் கிளம்பினோம். எல்லோரும் மல்லாட்டை மில்லில் சொத்தை பொறுக்குகிறவர்கள். கொடிக்குத் துணி வாங்கினால் சந்தேகம் வரும் என்று என்னுடைய கறுப்புப் பாவாடையை ஐந்து துண்டாகக் கிழித்தோம். சாயம் போன பாவாடை. கறுப்புக் கொடி என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பவுனக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு இருக்கும். கைக்குழந்தை அமுதாவை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். எனக்குப் பத்தொன்பது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, பிடிச்சாங்கன்னா பேரை மாத்திச் சொல்லிடலாம். ஆம்பளைங்க அண்ணாமலைன்னு சொல்ற மாதிரி, நாம எல்லாரும் உண்ணாமலைன்னு சொல்லிடலாம்” என்று யோசனை சொன்னது நான். கல்யாணம் கெட்டுவிடுமே என்கிற பயம்தான், வேறென்ன.

பவுனக்கா சிரித்தாள். “ஏண்டி, அம்மன் பேரைச் சொல்லி ஜெயிலுக்குப் போறதா? பாவம்டி.”

“அம்மன் கோச்சிக்க மாட்டா. உன் வீட்டுக்காரர்தான் கோச்சிக்குவாரு.”

அவளும் சரி என்று விட்டாள்.

கொடியைக் காட்டியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. மந்திரி பார்த்தாரோ இல்லையோ, அதுவே சந்தேகம். வேனில் தூக்கிப் போட்டபோது பவுனக்காவின் வளையல்கள் உடைந்து மணிக்கட்டில் குத்திக்கொண்டன. வழியெல்லாம் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மேற்படி

பக்கத்து மாவட்டத்துப் பெண்கள் சிறை. வாசலில் ஒரு குமாஸ்தா, மூக்கில் வழுக்கும் கண்ணாடி, தலையணை கனத்துக்கு ஒரு ரெஜிஸ்டர்.

“பேர்?”

“உண்ணாமலைங்க.”

“அடுத்து?”

“உண்ணாமலைங்க.”

மூன்றாவது உண்ணாமலை நான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“என்னாம்மா, விளையாடறீங்களா? அஞ்சு பேருக்கும் ஒரே பேரா?”

“திருவண்ணாமலைங்க. வேற என்னா பேர் வெப்பாங்க?” என்றேன். பத்தொன்பது வயதுத் திமிர்.

அந்த மனுஷனுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது போல. உண்ணாமலை ஒன்று, உண்ணாமலை இரண்டு என்று நம்பர் போட்டு எழுதிவிட்டார். பார்த்ததும் வயது இருபது என்று எல்லோருக்கும் அவரே போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் பேருக்கு எல்லோரும் அண்ணாமலை என்றோம், கல்யாணமாகாத நானும்தான். கடைசியில் அங்க அடையாளம். உடம்பில் மச்சமோ தழும்போ எங்கே இருக்கிறது என்று எங்களையே சொல்லச் சொன்னார்.

எனக்கு இடது முழங்காலில் தழும்பு, மில்லில் இரும்புச் சல்லடை கிழித்தது. சொன்னேன், எழுதினார். நான்காவது ஆள் பவுனக்கா. அவளுக்கு இருந்த ஒரே மச்சம் அந்நிய ஆணிடம் சொல்லக்கூடிய இடத்தில் இல்லை. காது வரை சிவந்துபோய், தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கும் அதேதாங்க” என்றாள்.

குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘மேற்படி’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அன்று ராத்திரி பூரா நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். “ஏய் மேற்படி, கொஞ்சம் தள்ளிப் படுடி” என்பேன். பவுனக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தோம்.

இத்தனை வருஷம் கழித்து அந்த ரெஜிஸ்டரின் நகல் வேங்கிக்காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முதல் உண்ணாமலையும் இரண்டாவதும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாமவள் கல்யாணம் கட்டி பெங்களூர்ப் பக்கம் போனவள், இருக்கிறாளா என்றே தெரியாது. பவுனக்கா கொரோனா வந்த வருஷம் போனாள். மிச்சம் நான் ஒருத்தி.

“இங்க பாருங்கம்மா” என்று அதிகாரி நகலை என் பக்கம் திருப்பினார். “மூணாவது உண்ணாமலை, வயசு இருபது, இடது முழங்கால்ல தழும்பு. நாலாவது உண்ணாமலை, வயசு இருபது, அதே முழங்கால், அதே தழும்பு. வீட்டுக்காரர் பேர் அண்ணாமலை, ரெண்டு பேருக்கும். ஒரே ஆளை ரெண்டு தபா எழுதிட்டாங்க. பழைய ரெஜிஸ்டர்ல இந்த மாதிரி ஜாஸ்தி. நீங்க தழும்பைக் காட்டிட்டு, ரெண்டு வரியும் நான்தான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க மனுவை இன்னைக்கே அனுப்பிடறேன்.”

“அமுதா மனு?”

“அது தள்ளுபடி ஆயிடும். அவங்க அம்மா இருந்ததுக்கு வரியே இல்லையே.”

பவுனக்காவின் வீட்டுக்காரர்

இதை எழுதத்தான் இந்தத் தொடரை ஆரம்பித்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. பதினோரு வாரமாக மில், சங்கம், தையல் மிஷின் என்று சுற்றி வளைத்து எழுதிக்கொண்டே வந்தேன். வாடகைக்கு விடும் மாடி அறைக்கு வருகிற வெள்ளைக்காரர்களைப் பற்றிக்கூட ஒரு வாரம் எழுதினேன். இதற்கு மேல் சுற்ற இடமில்லை.

நாங்கள் உள்ளே இருந்தபோது பவுனக்காவின் வீட்டுக்காரர் அவளைத் தேடிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். பவுனம்மாள் என்று யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ரெஜிஸ்டரில் இருந்தால்தானே சொல்வார்கள். அதே வாரத்தில் மில்லில் ஒரு மூட்டை மல்லாட்டை காணாமல் போயிருந்தது. “உன் பொண்டாட்டிதான் தூக்கிட்டா, அதான் பேரை மறைச்சுக்கிட்டு உள்ள இருக்கா” என்று மேஸ்திரி கொளுத்திப் போட்டான். ஊருக்கு அது போதாதா?

அவள் வெளியே வந்து உண்மையைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. பேப்பரில் ‘உண்ணாமலை உள்ளிட்ட ஐந்து பெண்கள்’ என்றுதான் போட்டிருந்தது. “இதுல உன் பேர் எங்கடி இருக்குது?” என்று கேட்டிருக்கிறார்.

பிறகு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் பக்கத்துத் தெரு. பட்டப்பகல். அடுத்த நாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் ஆரணியில் பெரியம்மா வீட்டில் தையல் கற்றுக்கொள்ளப் போயிருந்தேன் என்று அம்மா ஏற்கெனவே தெருவுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அவர் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“சுலோச்சனா, நீ பொய் சொல்ல மாட்டே. பவுனு உன்கூட ஜெயில்ல இருந்தேன்னு சொல்றா. நெசமா?”

முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

“எனக்குத் தெரியாதுண்ணா. நான் எங்க ஜெயிலுக்குப் போனேன்? ஆரணியில இல்ல இருந்தேன்.”

கோபம்கூட வரவில்லை அவருக்கு. “சரிம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே துணிமணியை எடுத்துக்கொண்டு செங்கம் பக்கம் போனவர் திரும்பி வரவே இல்லை. வேறு கல்யாணம் கட்டிக்கொண்டார்.

எனக்குக் கல்யாணம் நடந்தது. பவுனக்கா வந்து பந்தியில் சாப்பிட்டாள். மொய் எழுதினாள். நான் சொன்னது அவளுக்குத் தெரியும், அவர் சொல்லாமலா போயிருப்பார்? கடைசி வரை என்னிடம் அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கேட்கவே இல்லையே, பாவி!

அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றே வருஷம் போனது. மாமியார் இருக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் ஜெயில் கதையை வெளியே பேச ஆரம்பித்தேன். அதிலும் அந்த வாசல் கதையை மட்டும் விட்டுவிடுவேன்.

அமுதா பள்ளிக்கூடத்தில் ‘மல்லாட்டை’ என்று பட்டப்பெயர் வாங்கினாள். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடம் அம்மா கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. இந்த அரசாணை வந்ததும் என்னிடம்தான் முதலில் ஓடி வந்தாள். “சித்தி, நிவாரணம் வந்தா வருது, வரலைன்னா போவுது. எங்கம்மா திருடி இல்லைன்னு கவர்மெண்டு ஒரு பேப்பர் குடுக்கணும். அவ்ளோதான் எனக்கு” என்றாள்.

சாட்சி

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மேடம் ஸ்கேலோடு நின்றுகொண்டே இருந்தார். அதிகாரி பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கை அந்தப் பேனாவுக்குப் போனது. நானும்தானே உள்ளே கிடந்தேன்? என் மகனே நான் கதை விடுகிறேன் என்று கேலி பண்ணுகிறவன். அவன் முன்னால் ஒரு காகிதத்தை வைக்க எனக்கும் ஆசை இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய், என்னால் ஆனதைப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்று அமுதாவிடம் சொன்னால் அவள் நம்பிவிடுவாள். அவள் அம்மா மாதிரியே ஒன்றும் கேட்க மாட்டாள்.

அந்த நினைப்பு வந்ததும் பேனாவைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டேன்.

“நாலாவது வரி நான் இல்லைங்க. அது பவுனம்மா. எனக்கும் அதேதாங்கன்னு சொன்னா, அந்தாளு மேற்படின்னு எழுதிட்டாரு. நான் பக்கத்துல நின்னேன்.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். “கூட ஜெயில்ல இருந்தவங்க ஒருத்தர் வாக்குமூலம் குடுத்தா நான் ஏத்துக்கலாம்மா, ரூல்ல இருக்கு. ஆனா நீங்களே ஒரு மனுதாரர். தகராறுல இருக்கிற வரிக்கு இன்னொரு மனுதாரர் சாட்சி செல்லாது.”

“மனுவை வாபஸ் வாங்கிட்டா?”

“அம்மா, நல்லா யோசிங்க. கடைசித் தேதி முடிஞ்சு போச்சு. திரும்பப் போட முடியாது.”

“வாபஸ் வாங்கிட்டா செல்லுமா, செல்லாதா?”

“செல்லும்.”

எழுதிக் கொடுத்தேன். பிறகு, சாட்சி சொல்கிற நான் உள்ளே இருந்தவள்தான் என்று காட்ட எழுந்துபோய், ஸ்டோர் ரூமில் பழைய தேர்தல் பெட்டிகளுக்கு நடுவே நின்று, மேடத்துக்கு முழங்காலைக் காட்டினேன். ஸ்கேலை வைக்காமலே எழுதிக்கொண்டார். “வலிக்குதாம்மா?” என்று கேட்டார். நல்ல பெண்.

மூன்றாவது உண்ணாமலை நான் என்று ஆயிற்று. வேலை முடிந்தது என்று நினைத்தேன். எங்கே!

“சாட்சி சொல்றப்ப மனுதாரர் கூட இருக்கணும்” என்று அமுதாவை உள்ளே கூப்பிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். என்ன நடக்கிறது என்று மேடம் சொல்லியிருப்பார் போல. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

அதிகாரி வேறொரு காகிதத்தை எடுத்தார். வி.ஏ.ஓ. விசாரித்து அனுப்பிய அறிக்கை. அதைச் சத்தமாகப் படித்தார். “அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில், மேற்படி பவுனம்மாள் திருட்டு வழக்கில் சிறை சென்றவர் என்றும், அதன் காரணமாகவே அவரது கணவர் பிரிந்து சென்றார் என்றும் தெரிய வருகிறது.”

அமுதாவின் விரல்கள் என் கையில் இறுகின.

“இதுக்கு நீங்க பதில் சொன்னாத்தான் உங்க வாக்குமூலம் நிக்கும்மா. தெருவே திருட்டுக் கேசுன்னு சொல்லுது. நீங்க பக்கத்துத் தெருவுலதான் இருந்திருக்கீங்க. அந்தம்மா கொடி காட்டித்தான் ஜெயிலுக்குப் போனாங்கன்னா, அவங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க ஏன் சொல்லலை?”

பவுனக்காவின் வீட்டுக்காரர் என்னிடம் கேட்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். அவரும் உயிரோடு இல்லை. வந்து மறுக்க யாரும் கிடையாது. ஆனால் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லி நான் செய்த கூத்து போதாதா?

“சொல்லு சித்தி” என்றாள் அமுதா. அதிகாரிக்கு நல்ல பதில் கொடு என்கிற மாதிரிச் சொன்னாள்.

அவள் பக்கம் திரும்பாமல் மேசையைப் பார்த்துச் சொன்னேன். “அவர் வந்து கேட்டாரு. எங்க வாசல்ல நின்னு கேட்டாரு. நான் ஜெயிலுக்கே போகலை, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். எனக்கு மறுநாள் பொண்ணு பார்க்க வர்றதா இருந்துச்சு.”

அமுதாவின் கை மெதுவாக என் கையிலிருந்து விலகியது.

“எழுதிக்கட்டுமா?” என்று அதிகாரி கேட்டார்.

“எழுதிக்குங்க.”

எழுதிப் படித்துக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். கீழே மனுதாரரும் போட வேண்டும். அமுதா முழுவதையும் மறுபடி ஒரு தடவை தானே படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். பிறகு போட்டாள்.

வெளியே வந்தோம். பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலம் முடிந்து ஊருக்குத் திரும்புகிற கூட்டம் ரோடெல்லாம் நிறைந்திருந்தது. ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. இரண்டு பேருக்கு இடம் இருந்தது. அமுதா ஏறிக்கொண்டாள். நான் கால் எடுத்து வைத்தபோது டிரைவரிடம் “போலாம்ணா” என்றாள்.

அந்த வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். வழியில் யாரோ என்னைப் பார்த்து, ஏம்மா அழறீங்க என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

மூன்று மாதம் அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மழைக்காலம் வந்தது. சான்று வந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆபீசுக்குப் போன் போட்டால், மனுதாரருக்குத்தான் சொல்வோம் என்றார்கள். சாப்பாடு இறங்கவில்லை. உப்புக் கம்மியா ஜாஸ்தியா என்று நாக்குக்குத் தெரியாமல் ஏதோ ஆக்கிப் போட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. அமுதா.

“வாங்க” என்றாள்.

பிறந்ததிலிருந்து என்னை வா, போ என்று பேசிய பெண். சித்தி என்றும் சொல்லவில்லை. எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினேன். செங்கம் ரோட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தச் சந்து. பவுனக்கா கடைசி வரை இருந்த தெரு. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம், பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். கறிக்கடையில் கூட்டம். வி.ஏ.ஓ.விடம் திருட்டுக் கேஸ் என்று சொன்ன எதிர் வீட்டு அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அமுதா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். லேமினேட் போட்டிருந்தாள். அரசு முத்திரை. என் கையில் கொடுத்தாள்.

“படிங்க. சத்தமா.”

தெரு நடுவில் நின்று படித்தேன். திருமதி பவுனம்மாள் என்கிற உண்ணாமலை, அரசியல் காரணங்களுக்காகக் கறுப்புக் கொடி காட்டியதன் பேரில் கைது செய்யப்பட்டு, நாற்பத்தொரு நாட்கள் சிறையில் இருந்தவர் என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது. நிறுத்தி நிறுத்திப் படித்து முடித்தேன். குழாயை யாரோ மூடினார்கள். எதிர் வீட்டு அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அமுதா தெருவின் அந்தக் கடைசியைப் பார்த்தாள்.

“கோடி வீட்டுக்குக் கேக்கலை. இன்னொரு தடவை படிங்க.”

இரண்டாவது தடவை நான் தாளைப் பார்க்கவில்லை. அதில் எழுதாத ஒன்று இருந்தது, அதை நான்தான் சொல்ல வேண்டும்.

“பவுனக்கா திருடலை” என்று கத்தினேன். “என்கூடத்தான் ஜெயில்ல இருந்தா. அவ வீட்டுக்காரர் வந்து கேட்டப்ப, இல்லைன்னு பொய் சொன்னது நான்.”